பச்சை எரியக் கூடாது

மங்கையர்க்கரசிக்கு நாள் தள்ளிப்போய் எட்டு வாரம் ஆகியிருந்தது. புருஷனிடம் இன்னும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த நிமிடமே அவன் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் மூன்று வருடமாகக் கிடக்கும் பழுப்பு உறையைக் கிழித்துவிடுவான். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத வரைக்கும்தான் அவளால் பயமில்லாமல் வயிற்றைத் தடவிப் பார்க்க முடிந்தது.

புருஷன் செங்கோடனின் தாத்தாவுக்கு நாற்பது வயதில் கைகள் தாமாக ஆட ஆரம்பித்தன. குடித்துவிட்டு ஆடுகிறார் என்று ஊர் பேசியது. பாவம், அந்த மனுஷன் கள்ளைத் தொட்டதே இல்லை. பிறகு நடை போய், நினைவு போய், பேச்சு போய்ப் படுத்தார். அப்பாவுக்கும் அதே கதை. அண்ணனுக்கு வந்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரியில் விவரம் சொன்னார்கள். ரத்த வழியில் வருவது, மருந்து கிடையாது, பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் சாகும் முன் தம்பியை மிரட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தான். முடிவு உறையில் வந்தது. அண்ணனுக்குக் காரியம் முடிந்த அன்று செங்கோடன் அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தான். தெரிந்துகொள்ள வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். மனுஷர்கள் போடும் திட்டம்தானே, எட்டு வாரத்துக்கு முன்னால் அது கவிழ்ந்தது.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. சேலத்துக்கு வெளியே, வெள்ளைக்கல் தோண்டி முடித்துக் கைவிட்ட சுரங்கத்தின் அடியில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே 'உள்ளறை' என்று ஒன்று இருந்தது. அதில் போய் உட்காருவது செங்கோடனின் வேலை. அதன் வெளிச்சுவரைக் குளிர வைக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்வது மங்கையின் வேலை.

உள்ளறை உலகத்தோடு பேச்சை முறித்துக்கொண்ட அறை. உள்ளேயிருந்து ஒரு சத்தம், ஒரு சூடு, ஒரு தூசி வெளியே வராது. அதற்குள் ஒற்றை அணு ஒன்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே சமயத்தில் இருக்கும்படி தயார் செய்யப்பட்டிருக்கும். செங்கோடன் அதைப் பார்ப்பான். அவன் கண்ணுக்கு ஏதோ ஒரு பக்கம்தான் தெரியும். வெளியே இருப்பவர்களின் கணக்கோ வேறு. இடதைப் பார்த்த செங்கோடன் ஒருவன், வலதைப் பார்த்த செங்கோடன் ஒருவன், இருவருமே உள்ளே இருக்கிறார்கள். இருபதாவது நிமிடம் விசையைப் போட்டால் உள்ளே நடந்தது எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். குடித்த தண்ணீர் டம்ளருக்குத் திரும்பும். பார்த்தது கண்ணை விட்டுப் போகும். கதவைத் திறந்தால், “என்னங்க சார், இன்னும் ஆரம்பிக்கலையா?” என்று கேட்டுக்கொண்டு ஒரே ஒரு செங்கோடன் வெளியே வருவான்.

இத்தனைக்கும் சாட்சி ஒரு விளக்கு. எல்லாம் திரும்பிய பிறகு அந்த அணுவைச் சோதிப்பார்கள். இரண்டு பக்கமும் மிச்சமில்லாமல் ஒன்றுசேர்ந்திருந்தால் எப்போதும் பச்சைதான் எரியும். உள்ளே நடந்ததைப் பற்றிய சேதி இம்மி அளவு வெளியே கசிந்திருந்தாலும் போச்சு, அணு ஒரு பக்கமாக நின்றுவிடும். அப்போது பச்சையும் எரியலாம், சிவப்பும் எரியலாம், பூவா தலையாதான். ஆகவே சிவப்பு எரிந்தால் கசிவு என்று அர்த்தம். முப்பத்தெட்டு முறை செய்து பார்த்திருந்தார்கள். முப்பத்தெட்டும் பச்சை.

வெளியே வர அனுமதி உள்ள சேதி ஒன்றே ஒன்றுதான், ஒரு சீட்டு. பதினைந்தாவது நிமிடத்தில் செங்கோடன் ஒரு பலகையில் 'பார்த்தேன்' என்று எழுத வேண்டும். எதைப் பார்த்தான் என்று எழுதக் கூடாது. பலகையில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்பது மட்டும் வெளியே திரையில் வரும். கையின் நடுக்கம், அழுத்தம், சாய்வு எதுவும் வராது. இடதைப் பார்த்தவனும் வலதைப் பார்த்தவனும் ஒரே சொல்லை எழுதுவதால் கசிவு இல்லை.

“இதுக்கு ஒரு பொத்தான் வெச்சாப் போதாதா?” என்று கேட்டவர்களைச் சோதனையை நடத்தும் பேராசிரியர் நஜ்முதீன் விட்டதில்லை. “பொத்தானை எலி கூட அமுக்கும். மனுஷன் தன் கையால எழுதித் தரணும். அப்பதான் உள்ள ஒரு ஆள் உக்காந்து நெஜமாவே ஒண்ணைப் பாத்தான்னு ஒத்துக்குவாங்க.”

முதல் சீட்டு வந்தபோது ஒரு சின்னக் கலாட்டா. 'பார்த்தேன்' என்ற சொல்லுக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழி. விதியில் இல்லாததை எழுதிவிட்டான் என்று ஒரு பொறியாளர் குதித்தார். நஜ்முதீன் சிரித்தார்.

“எங்க வாப்பா கடுதாசின்னு எடுத்தா மேல 786 போடாம பேனாவை நகத்த மாட்டாங்க. இவன் சுழியப் போட்டுட்டுப் போறான், விடுங்க. என்ன எழுதறான்னு எனக்குக் கவலை இல்ல. ரெண்டு பக்கத்துலயும் ஒண்ணையே எழுதணும். அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து எல்லாச் சீட்டும் சுழியோடுதான் வந்தன.

ஆனால் உலகத்தின் வாயை மூட முடியுமா? இடது, வலது என்பதெல்லாம் ஓர் அனுபவமா, அந்த ஆளுக்கு அதனால் ஒரு முடியாவது அசைந்ததா என்று வெளிநாட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். நஜ்முதீனுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தவன் வாழ்க்கையையே புரட்டிப் போடும் எதையாவது காட்ட வேண்டும் என்று கேன்டீனில் புலம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் செங்கோடன் டீயை வைத்துவிட்டு, “எங்கிட்ட ஒரு உறை இருக்குதுங்க சார்,” என்றான். பக்கத்தில் இருந்த மங்கை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

யோசனை இதுதான். அணு இடப்பக்கம் என்றால் ஒரு பெட்டி திறந்து வெள்ளைத்தாள் கிடைக்கும். வலப்பக்கம் என்றால் வேறொரு பெட்டி திறந்து உறை கிடைக்கும். பிரித்துப் படிப்பான். 'பார்த்தேன்' என்று எழுதுவான். பிறகு எல்லாம் திரும்பும். கிழித்த உறை ஒட்டிக்கொள்ளும். படித்தது மறந்து போகும் என்றுகூடச் சொல்ல முடியாது. படித்ததாகவே இருக்காது.

“எனக்கு அதப் பாக்கணும்னு அரிப்பும் இருக்குது, பாக்கக் கூடாதுன்னு பயமும் இருக்குது மங்கை,” என்றான் செங்கோடன். “ரெண்டையும் தீத்து வெக்கிற எடம் உலகத்துலயே இது ஒண்ணுதான். அஞ்சு நிமிஷம் தெரிஞ்சிக்கிட்டு, அப்புறம் தெரியாமப் போயிடறேன். யாருக்கு என்ன நட்டம்?”

மங்கை நஜ்முதீனிடம் திரும்பினாள். “ஏனுங்க சார், அந்த உறையும் இப்ப அந்த அணு மாதிரிதானுங்களே? பிரிக்காத வரைக்கும் ரெண்டும்தான?”

“அந்தத் தப்ப மட்டும் பண்ணாதேம்மா. உறைக்குள்ள இருக்கறது ஏற்கெனவே எழுதி முடிச்சாச்சு. உனக்குத் தெரியல, அவ்வளவுதான். தெரியாம இருக்கறது வேற, ரெண்டுமா இருக்கறது வேற. அணு ரெண்டுமா இருக்கு. உன் வீட்டுக்காரர் ரத்தம் ஒண்ணாதான் இருக்கு.”

“ரொம்ப ஆறுதலுங்க,” என்றாள் மங்கை. அவருக்குக் கிண்டல் புரியவில்லை.

வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை வாயைத் திறந்து சொல்ல முடியாதே. சரி என்று தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உறை உள்ளே போனது. பின்னாலேயே செங்கோடனும் போனான். பதினைந்தாவது நிமிடம் திரையில் சீட்டு வந்தது. மேலே சுழி, கீழே 'பார்த்தேன்'. முப்பத்தெட்டு முறை பார்த்ததுதான், ஒரு புள்ளி மாற்றமில்லை. மங்கைக்கு உயிர் வந்தது. இருபதாவது நிமிடம் விசை போட்டார்கள். எல்லாம் திரும்பி முடிந்தது. விளக்கு எரிந்தது.

சிவப்பு.

கதவு திறந்து செங்கோடன் வந்தான். கையில் உறை, ஒட்டு பிரியாமல். “என்னங்க சார், எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கறீங்க?”

நஜ்முதீன் அவனைப் பார்க்கவே இல்லை. “பம்பு!” என்று மங்கையைப் பார்த்துக் கத்தினார். “சுவர்ல எங்கேயோ சூடு ஏறியிருக்கு. பிரிச்சு மேயுங்க.”

ஒன்றரை நாள் மேய்ந்தாள். வளையம் வளையமாகக் கழற்றினாள், குழாய் குழாயாகத் தடவினாள், பதிவுத்தாளை வரி வரியாகப் படித்தாள். எட்டு வருட வேலையில் அவள் பம்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. புதன்கிழமை சாயங்காலம் முடித்தபோது பழுது ஒன்றும் இல்லை. கர்வத்தோடுதான் போய்ச் சொன்னாள்.

“பம்பு சுத்தமா இருக்குதுங்க சார். வேற எதனால சிவப்பு வரும்?”

நஜ்முதீன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்தார். “மிச்சம் இருக்கறது சீட்டுதான்.”

“சீட்டு எப்பவும் போலத்தானுங்களே வந்துச்சு?”

“நமக்கு வந்த சீட்டு எப்பவும் போல. வராத சீட்டு?”

“வராத சீட்டா?”

“உள்ள ரெண்டு பேரு இருந்தாங்கம்மா. வெள்ளைத்தாளப் பாத்தவன் ஒருத்தன், உறையப் படிச்சவன் ஒருத்தன். ரெண்டு பேரும் எழுதினாங்க. வெள்ளைத்தாளப் பாத்தவன் எப்பவும் போல எழுதி, உறையப் படிச்சவன் ஒரே ஒரு எழுத்து மாத்தி எழுதியிருந்தாலும் அது கசிவுதான். நம்ம கைக்கு எந்தச் சீட்டு வந்துச்சுங்கறது முக்கியமில்ல. ரெண்டும் வேற வேற, அது போதும் சிவப்பு எரிய.”

“நம்ம பக்கம் நடக்காத ஒண்ணு எப்படிங்க சார் நம்ம விளக்க எரிய வெக்கும்?”

“முப்பது வருஷமா நானும் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன். அது நடந்துது, ஆனா வேற உலகத்துலங்கறாங்க சிலர். உலகம் ஒண்ணுதான், கேள்வி கேக்காம கணக்கப் போடுங்கறாங்க சிலர். விளக்கு யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சொல்லு, அவன் என்னத்த மாத்தி எழுதியிருப்பான்? பதட்டத்துல கோடு கீடு இழுத்திருப்பானா?”

“தெரியலீங்க சார்,” என்றாள் மங்கை. ஆனால் தெரிந்திருந்தது.

செங்கோடனின் அப்பாவுக்கு ராசிபுரத்தில் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் உச்சியில் சுழி. கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் கிடையாது. துக்கச் சேதி தாங்கிய காகிதத்தில் சுழி போடக் கூடாது என்று சின்ன வயதிலேயே அவன் விரலில் ஏறிப்போன பழக்கம். மளிகைச் சீட்டுக்கும் சுழி போடுகிற மனுஷன், அண்ணன் காரியத்துக்கு அரிசி பருப்பு எழுதியபோது மொட்டையாக எழுதினான். ஏன் என்று கேட்டதற்கு, “கை வரல,” என்றான். காயல்பட்டினத்துக்காரரான நஜ்முதீனுக்கு இது எங்கே தெரியப் போகிறது?

உறையில் நல்ல சேதி என்றால் இரண்டு பக்கமும் சுழி. கெட்ட சேதி என்றால் ஒரு பக்கம் சுழி, ஒரு பக்கம் மொட்டை. சிவப்பு.

மங்கை பம்பு அறைக்குப் போய்க் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்தாள். யாரும் உறையைப் பிரிக்கவில்லை. யாரும் படிக்கவில்லை. இந்த உலகத்தில் நடக்கவே நடக்காத ஒன்று வந்து அவளிடம் மட்டும் சேதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. இது என்ன அநியாயம்! கொஞ்ச நேரம் முன்னால் பம்பு சுத்தம் என்று மார்தட்டியவள், இப்போது தன் பம்பில் ஓர் ஓட்டையாவது இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். பதிவுத்தாளை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒரு ஓட்டையும் இல்லை.

மறுநாள் நஜ்முதீன் அறிவித்தார். வெள்ளிக்கிழமை மறுபடியும் அதே சோதனை, ஆறு முறை, அதே உறை, அதே எழுத்து. மங்கை கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு முறையில் ஒரு முறையாவது மொட்டைச் சீட்டு திரையில் வந்து நிற்கும். வெளியே வந்ததும் செங்கோடன் தன் சீட்டுகளை எட்டிப் பார்ப்பது வழக்கம், செவ்வாய்க்கிழமை அமளியில்தான் பார்க்காமல் போனான். மொட்டைச் சீட்டைப் பார்த்தால் அவனுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சுழியே போடாதீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லலாம்தான். ஏன் என்று ஒரு கேள்வி கேட்பானே!

“பொத்தான் வெச்சிடலாங்க சார்,” என்றாள் நஜ்முதீனிடம்.

“நீயுமா? எலி கூட...”

“எலி அமுக்கட்டுங்க. எழுத விட்டா அவரு கையில ஏதாவது மாறும்னு நீங்கதான சொன்னீங்க? பொத்தான்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். பொத்தான் வெச்சும் சிவப்பு வந்தா கோளாறு மிஷின்லன்னு ஆகிப்போகும். நான் பம்ப மறுபடியும் பிரிக்கறேன்.”

நஜ்முதீன் அவளை வியப்போடு பார்த்தார். “நீ டிப்ளமோதானே படிச்சே? உன்னை எங்க துறைக்கே எடுத்திருக்கணும்.” கொஞ்சம் யோசித்தார். “சரி. ஆனா ஒரு பச்சைய நான் நம்ப மாட்டேன். கசிவு இருந்தாலும் பாதி தடவை பச்சை வரும். ஆறு தடவையும் பச்சை வந்தாத்தான் மிஷின் யோக்கியம்.”

புருஷனுக்குத் தெரியாமல் மறைக்கத்தான் அவள் பொத்தானைச் சொன்னாள். அதில் தனக்கும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருப்பது அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஆறில் ஒரே ஒரு சிவப்பு வந்தால் போதும். கோளாறு இயந்திரத்தில். செவ்வாய்க்கிழமைச் சிவப்புக்கு அர்த்தமே இல்லை. உறை பழையபடி வெறும் உறை. பக்கத்தில் செங்கோடன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை. கட்டுப்பாட்டு அறையில் எட்டுப் பேர். ஏழு பேர் பச்சைக்கு வேண்டிக்கொண்டார்கள். மங்கை ஒருத்தி மட்டும் சிவப்புக்கு வேண்டினாள்.

முதல் பச்சை எரிந்தபோது அவள் பெரிதாகக் கலங்கவில்லை. பூவா தலையாவில் பூ விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். கதவைத் திறக்காமல் அப்படியே அடுத்ததைத் தொடங்கினார்கள். உள்ளே இருப்பவனுக்கு முதல் தடவை நடந்ததே தெரியாது. இரண்டாவதும் பச்சை. ரெண்டு தடவை பூ விழாதா என்ன? மூன்றாவதும் பச்சை எரிந்தபோது கைதட்டினார்கள். மங்கை தட்டவில்லை.

நான்காவதன்போது இன்னொன்று நெஞ்சில் வந்து அறைந்தது. விளக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள் உள்ளே இருக்கும் மனுஷனை மறந்திருந்தாள். இந்த நிமிடம், இந்தச் சுவருக்கு அந்தப்புறம், ஒரு பக்கத்தில் அவர் உறையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். படிக்கிறார். பக்கத்தில் நாதியில்லை. தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அந்தச் சேதியை வைத்துக்கொண்டு ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அழுதிருப்பாரா? அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரா? அப்படியே அழிந்து போகிறார். மறுபடி முதலிலிருந்து பிரிக்கிறார். ஒரு தடவை தாங்குவதே பெரும்பாடு, இப்படி ஆறு தடவையா? ஒரு மனுஷனைக் கூண்டில் போட்டு இதைச் செய்ய இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? தானும்தானே தலையாட்டினோம் என்ற நினைப்பு கூடவே வந்தது. கண்ணில் நீர் முட்டியது. பச்சை எரிந்தது.

ஐந்தாவது ஓடும்போது மங்கை பம்பு அறையில் இருந்தாள். கை திருகு வால்வின் மேல். கால் சுற்றுத் திருகினால் போதும், சுவரில் சூடு ஏறும். சிவப்பு எரிய வாய்ப்பு உண்டு. எல்லாரையும் நம்ப வைத்துவிடலாம். ஆனால் திருகியது தான்தான் என்று தெரிந்த பிறகு அவளை யார் நம்ப வைப்பது? அதோடு, வந்த வழி கோணலாகித் திரும்பினால் உள்ளே இருப்பவர் உடம்பு என்ன ஆகும்? கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தப்பக்கம் கைதட்டல் கேட்டது.

ஆறாவதற்கு அவள் விளக்கைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று உதடு முணுமுணுத்தது. “பச்சை!” என்று யாரோ அலறினார்கள். நாற்காலி சரிந்தது. நஜ்முதீன் ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

“ஜெயிச்சாச்சும்மா! உன் பொத்தான்! உன் பம்பு!”

மங்கை ஓவென்று அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

கதவைத் திறந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வெளியே அத்தனை பேருக்கும் குடலைப் பிடுங்கும் பசி. செங்கோடனுக்குக் காலை இட்லியே இன்னும் செரிக்கவில்லை. அவன் உடம்புக்கு மணி பத்தரைதான். உறையை இடுக்கிக்கொண்டு, “ஆறும் முடிஞ்சுதுங்களா? அதுக்குள்ளயா?” என்று கேட்டுச் சிரித்தான்.

“ஆறும் பச்சை!” நஜ்முதீன் அவன் தோளைக் கட்டிக்கொண்டார். “மிஷின்ல ஒரு குத்தமும் இல்லப்பா. எல்லாம் உன் கை பண்ணின வேலை. எழுதினா சிவப்பு, பொத்தான அமுக்கினா பச்சை!”

சிரிப்பு அவன் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, “அன்னைக்கு வந்த சீட்டுல சுழி இருந்துச்சுங்களா சார்?” என்றான்.

“இருந்துச்சே. எப்பவும் போல.”

“அப்ப வெள்ளைத்தாளப் பாத்தவன் எழுதுனது,” என்றான் செங்கோடன், தனக்குள் சொல்வதுபோல. கூட்டத்தில் மங்கையைத் தேடினான். அவள் அழுது வீங்கிய முகத்தோடு பம்பு அறைக் கதவுப் பக்கம் நின்றாள். அவளைத் தாண்டி உள்ளே போனான். அவளும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினாள்.

“பொத்தான் யாரு யோசனை?”

“நான்தானுங்க.”

“எப்பருந்து தெரியும்?”

“புதன்கெழமை.”

“ம்.” அவன் வாளி மேல் உட்கார்ந்தான்.

மங்கை படபடவென்று பேசினாள். “அப்படித்தான்னு என்னங்க கட்டாயம்? நல்ல சேதியா இருந்து, சந்தோஷத்துல ஏதாச்சும் கிறுக்கியிருப்பீங்க. ஒரு புள்ளி கிள்ளி வெச்சிருப்பீங்க. அதுக்கும்தான் சிவப்பு எரியும். அவரே சொன்னாரு, ஒரு எழுத்து மாறினாலும்...”

“அந்தப் பக்கம் உக்காந்திருந்தவனும் நான்தான மங்கை? அவன் என்ன எழுதுவான்னு எனக்குத் தெரியாதா? நல்ல சேதின்னா எப்பவும் போல சுழி போட்டு எழுதிட்டு, விசிலடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன். கெட்ட சேதின்னா எனக்குக் கை வராது.”

சொல்லாமல் மறைக்க அவள் செய்த வேலைதான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பேசாமல் பம்பில் ஓட்டை என்று பொய் சொல்லியிருந்தால்கூட மிஷின் கோளாறு என்று ஆறு மாதம் ஓடியிருக்குமோ என்னவோ. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

செங்கோடன் உறையைப் பிரிக்கவில்லை. பிரிக்க இனி என்ன இருக்கிறது? அதை வாளிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான்.

“பயமா இருக்குது மங்கை,” என்றான். அண்ணன் செத்தபோதுகூட அவன் அப்படிச் சொன்னதில்லை. அவள் கீழே உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் தட்டி, போட்டோ எடுக்கணும் வாங்க என்று யாரோ கூப்பிட்டார்கள். வருகிறோம் என்று அவனே குரல் கொடுத்தான். எழுந்திருக்கவில்லை.

“ஆனா ஒண்ணு. அண்ணன் படுத்தப்ப அவம் புள்ளைங்க ரெண்டும் கட்டிலோரமா நின்னு, நமக்கும் வருமான்னு பாத்துச்சே, அந்தப் பார்வை. அது மட்டும் எனக்குக் கெடையாது. நல்ல வேளை, நமக்குப் புள்ள இல்ல.”

அவன் அவளைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இத்தனை வாரம் இருந்துவிட்டாள். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்குப் போய்விடலாம். போகலாம்தான். கை அவன் முழங்காலிலேயே இருந்தது.

“இருக்குதுங்க,” என்றாள் மங்கை.